எண்ணெய் மில் டீமின் கடைசி ஆட்டம்

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் துறைமுகத்தை ஒட்டி ஒரு கடலை எண்ணெய் மில் இருந்தது. அந்த மில்லுக்கு ஒரு ஃபுட்பால் கிளப் இருந்தது. இரண்டும் இன்று இல்லை. மில் தானாக நொடித்துப் போனது. கிளப்பை நாங்கள் முடித்து வைத்தோம். நான்தான் முன்னால் நின்றேன். இதை வருத்தத்தோடு எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கிளப் ஆரம்பித்த கதை எனக்கு முன்னால் ஆடியவர்கள் சொல்லித்தான் தெரியும். முதலாளி சென்னையில் இருந்தார். வாலிபத்தில் அவருக்கே ஃபுட்பால் பைத்தியம் உண்டாம். ஒருநாள் மில்லைச் சுற்றிப் பார்க்க வந்தவர், புண்ணாக்குக் கிடங்குக்குப் பின்னால் ஷிப்ட் முடிந்த ஆட்கள் ஒரு கிழிந்த பந்தை உதைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாராம். அடுத்த தடவை வரும்போது காரில் புதுப் பந்துகளும் காற்றடிக்கும் பம்பும் வந்தன. அப்புறம் கோல் போஸ்ட், மஞ்சள் பனியன், பூட்ஸ், ஆடுகிறவர்களுக்குச் சாயங்காலம் பாலும் முட்டையும் என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் சேர்ந்த சமயத்தில், அதாவது அறுபதுகளின் ஆரம்பத்தில், பாண்டிச்சேரி, விழுப்புரம், கும்பகோணம் என்று எங்கே டோர்னமென்ட் நடந்தாலும் நோட்டீசில் எங்கள் மில்லைத்தான் முதலில் போடுவார்கள்.

நான் குறிஞ்சிப்பாடிப் பக்கம். வீட்டில் எல்லோரும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை போடுகிறவர்கள். நாங்கள் விளைவித்த மல்லாட்டை மூட்டையாகப் போய் இறங்குகிற கிடங்கிலேயே எனக்கு எடை போடும் வேலை கிடைத்தது. மூட்டையைப் பார்த்துக் கொடுத்த வேலையில்லை. என் காலைப் பார்த்துக் கொடுத்தது. பள்ளிக்கூட டீமில் சென்டர் ஹாஃப் ஆடிக்கொண்டிருந்தவனை மஞ்சக்குப்பம் மைதானத்தில் பார்த்துவிட்டு, மறுவாரமே மில்லிலிருந்து ஆள் அனுப்பினார்கள். எங்கள் கிரவுண்டில் எப்போதும் புண்ணாக்கு வாடை அடிக்கும். மழை பெய்தால் இன்னும் ஜாஸ்தி. வெளியூர் டீம்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். எங்களுக்கு அந்த வாடை வந்தால்தான் கால் ஓடும்.

எங்கள் கோலி, அதாவது கோல்கீப்பர், சோனாங்குப்பத்துக்காரன். பரம்பரையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். ஆற்றைத் தாண்டிப் படகில் வேலைக்கு வருவான். என்னைவிட ஒரு சாண் உயரம். வலை இழுத்து இழுத்து உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருக்கும். எவ்வளவு வேகமாக வருகிற பந்தும் அந்தக் கையில் விழுந்தால் சத்தமில்லாமல் அடங்கிவிடும். பூட்ஸ் போடவே மாட்டான். “காலுக்கு மண்ணு தெரியணும் மச்சான்” என்பான். நான் சேர்ந்த முதல் நாளே என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டான். அவனுக்கும் எனக்கும் சாதியில், சொந்தத்தில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவன் பெண்டாட்டி கிள்ளையில் பிறந்தவள். அவள் வைக்கிற இறால் குழம்புக்காகவே நான் ஊருக்குப் போகாமல் இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய.

கிளப்பைப் பார்த்துக்கொண்டது மில்லின் லேபர் ஆபீசர். செம்மண்டலத்தில் கம்பெனி கொடுத்த வீடு, கம்பெனி ஜீப். ஆட்களை அவர் வா, போ என்றுதான் பேசுவார். தலை நரைத்த மேஸ்திரியையும் அப்படித்தான். முதலாளி வந்தால் மட்டும் ஆளே மாறிப்போய் இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு நிற்பார். முதலாளி மாதம் ஒரு தடவை வருவார், இரண்டு மணி நேரம் இருப்பார், போய்விடுவார். மற்றபடி அவருக்கு மில்லில் நடப்பது எல்லாம் இந்த ஆபீசர் வாய் வழியாகப் போனதுதான்.

ஆபீசரின் பெண்டாட்டிக்கு ஒரு தம்பி. சென்னையில் காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டவன். அவனைக் கொண்டுவந்து ஆபீசில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அதோடு நிற்கவில்லை. எங்கள் டீமுக்கு சென்டர் ஃபார்வர்டாகவும் ஆக்கினார், கேப்டனாகவும் ஆக்கினார். பையனுக்கு ஓட வரும். உதைக்கவும் சுமாராக வரும். ஆனால் பந்து காலுக்கு வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சிதம்பரத்தில் மார்கழி தரிசனம் முடிந்த கையோடு ஒரு டோர்னமென்ட் நடக்கும். தேர் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி ஊருக்குத் திரும்பாமல் இதற்காகத் தங்கும். அந்த வருஷம் ஃபைனலில் நாங்களும் சிதம்பரம் டீமும். இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடியப் போகிற நேரம். எங்கள் கோலுக்கு முன்னால் ஒரே நெரிசல். பின்னால் வந்து உதவி பண்ணுகிறேன் என்று கேப்டன் ஓடிவந்தான். பந்து அவன் காலில் பட்டது. கோலி இடது பக்கம் வெளியே வந்துவிட்டான். “வுடு, வுடு, நான் வந்துட்டேன்!” என்று கத்துகிறான். கேப்டன் பார்க்கவேயில்லை. திரும்பி, காலியாக இருந்த எங்கள் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டான். பந்து வேகமாகக்கூடப் போகவில்லை. கோலி புரண்டு விழுந்து கையை நீட்டினான், விரல் நுனிக்கும் எட்டாமல் கோட்டைத் தாண்டியது.

மைதானம் முழுக்கப் பார்த்தது. எங்களில் யாரும் அவனைத் திட்டவில்லை. ஆட்டத்தில் நடக்கிறதுதான். எதிர் டீமின் லெஃப்ட் அவுட் கிள்ளைக்காரன், எங்கள் கோலியின் பெண்டாட்டிக்குத் தம்பி. ஆட்டம் முடிந்ததும் அவன் ஓடிவந்து மாமன் தோளில் கையைப் போட்டுத் தேற்றினான். அந்தக் காட்சியை ஆபீசர் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருக்குக் கிடைத்த பிடி.

அந்த வாரம் முதலாளி வந்தார். எப்படித் தோற்றோம் என்று கேட்டிருக்கிறார். தன் மச்சினன் பேரைச் சொல்ல முடியுமா? கோலியின் மச்சினன் பேரைச் சொன்னார். கிள்ளைக்காரன் மூலமாகச் சிதம்பரத்து ஆட்களிடம் காசு வாங்கித் தின்றுவிட்டு கோலி பந்தை உள்ளே விட்டான் என்று சொன்னார். முதலாளி, “அப்படியானால் அவன் இங்கே எதற்கு?” என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

அவனை வேலையை விட்டு எடுத்தார்கள், சரி. அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கதையை எழுதியிருக்கமாட்டேனோ என்னவோ. ஷிப்ட் மாறுகிற நேரம், உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாகக் கேட்டில் அத்தனை கூட்டம். ஆபீசர் ஜீப்பை விட்டு இறங்கினார். கோலி அன்றைக்குக் கிளப் பனியனைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதுதான் அவனிடம் இருந்த நல்ல துணி.

“அது கம்பெனி சொத்து. கழட்டு” என்றார் ஆபீசர்.

கோலிக்குப் புரியவில்லை. “இன்னா சார்?” என்றான்.

“காசு வாங்குறவனுக்குக் கம்பெனி பனியன் எதுக்கு?” என்று சொல்லிவிட்டு வாட்ச்மேனைப் பார்த்து, “அவுத்து எடுய்யா” என்றார்.

வாட்ச்மேன் வயசானவர். தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். கோலியே கையைத் தூக்கிக் கொடுத்தான், அந்த மனுஷனுக்குக் கஷ்டம் வேண்டாம் என்று. தலைவழியாக உருவும்போது பனியன் ஒரு பக்கம் கிழிந்தது. ஆபீசரின் மச்சினன் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். கோலி என் நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினான்.

“நீ போ மச்சான். உனக்கு வேலை வேணும்.”

வெற்று உடம்போடு படகுத்துறைக்கு நடந்தான். நான் கூடவே போனேன். படகில் இருந்த மீன்காரப் பெண்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். 

அதற்கப்புறம் அவன் பட்டதைச் சொன்னால்தான் எனக்கு ஏன் வெறி பிடித்தது என்று தெரியும். கடலுக்கே திரும்பிப் போனான். ஆனால் மீன் ஏலம் விடுகிற இடத்தில், “இன்னாப்பா, சிதம்பரத்துல எவ்ளோ தேறிச்சு?” என்று ஒருத்தன் கேட்பான், நாலு பேர் சிரிப்பார்கள். குப்பத்துப் பஞ்சாயத்தில் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்கள். தம்பியால் வந்த அவமானம் என்று அவன் பெண்டாட்டி கிள்ளைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அந்தத் தம்பி வீடு தேடி வந்தபோது கதவைத் திறக்கவில்லை. ஒரு தப்பும் செய்யாத ரெண்டு குடும்பம் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது. செம்மண்டலத்தில் ஆபீசர் வீட்டில் மட்டும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நான் தூங்கவில்லை. ஆபீசரை அடிக்கலாமா என்று யோசித்தேன். ஆள் வைத்து அடிப்பது எங்கள் பக்கம் ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் அடித்தால் ஒரு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு இருப்பார், ஊரே பாவம் என்று சொல்லும். எனக்கு அது வேண்டாம். கோலியைக் கேட்டில் வைத்து எத்தனை பேர் பார்க்க அவமானப்படுத்தினாரோ, அதைவிட நூறு மடங்கு கூட்டத்துக்கு நடுவில் இவர் தலை குனிய வேண்டும். அதுவும் அவர் கையாலேயே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரையில் டீமைக் கூட்டினேன். கேப்டனைத் தவிர எல்லோரும் வந்தார்கள், புதிதாகச் சேர்ந்த கோலியும்கூட. வேகவைத்த மல்லாட்டையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த சிதம்பரத்தில் வேண்டுமென்றே தோற்றுவிடலாம் என்றான் ஒருவன்.

“தோத்தா ஆபீசர் சொன்னது நிசம்னு ஆயிடும்” என்றேன். “காசு வாங்குற டீம்னு எழுதி ஒட்டிடுவான். நாம ஜெயிக்கணும். நல்லா ஆடி ஜெயிக்கணும். ஆனா கேப்டனுக்கு ஒரு பாஸ் போகக்கூடாது. ஆட்டம் மொத்தத்துக்கும் ஒண்ணுகூட.”

 ரைட் பேக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருப்பவர். “வேலைய எடுத்துடுவான்டா” என்றார்.

“கப்பு வாங்கிக் குடுத்தவன எப்பிடிண்ணே எடுப்பான்? இன்னா காரணம் சொல்லுவான்?”

அவர் யோசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு ஒவ்வொருத்தராகப் பரவியது. அன்றைக்கே முடிவாகிவிட்டது. பழைய கோலியிடம் மட்டும் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தோம். சொன்னால் தடுப்பான்.

அந்த ஒரு வருஷம் நாங்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வாய் இனிக்கிறது. கேப்டனுக்கு ஊட்டினோம். எங்கே ஆடினாலும் பந்தை அவன் காலிலேயே கொண்டுபோய் வைத்தோம். கோலுக்கு முன்னால் சும்மா காலை நீட்டினால் போதும் என்கிற மாதிரி வைத்தோம். பையன் கோல் மேல் கோல் அடித்தான். தலைக்கனம் ஏறிவிட்டது. கிராப்பை ஒரு தினுசாக வாரிக்கொண்டான். ஆபீசருக்கோ தரையில் கால் பாவவில்லை. முதலாளி வரும்போதெல்லாம் மச்சினன் புராணம்தான். அடுத்த மார்கழி வந்தபோது, சிதம்பரம் ஃபைனலுக்கு முதலாளியே தலைமை தாங்கி, கோப்பையைத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்று ஆபீசர் ஏற்பாடு செய்தார். நாங்கள் கேட்டுக்கொண்டால்கூட இவ்வளவு நன்றாகச் செய்திருக்கமாட்டார்.

ஃபைனலுக்கு வந்தோம். எதிரே பாண்டிச்சேரி டீம், கெட்டியான ஆட்டக்காரர்கள். காலை ரயிலில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்போது எல்லோரும் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தோம். கேப்டன் மட்டும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஏதோ பாட்டை விசில் அடித்துக்கொண்டு வந்தான். “அண்ணே, இன்னிக்கு நாலு கோல் அடிக்கிறேன் பாருங்க” என்று என்னிடம் சொன்னான். “அடிப்பா” என்றேன்.

மேடையில் முதலாளி, பக்கத்து நாற்காலியில் மடிப்பு கலையாத கோட்டோடு ஆபீசர். சுற்றிலும் இடமில்லாமல் கூட்டம், மரத்தின் மேலெல்லாம் ஆள். விசில் ஊதினார்கள். கேப்டன் வழக்கம்போல நடுவில் வைத்த பந்தைப் பக்கத்து ஆளுக்குத் தட்டிவிட்டு முன்னால் ஓடினான்.

முதல் பத்து நிமிஷம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கேப்டன் ஓடுவான், கையைத் தூக்குவான், “பாஸ்! பாஸ்!” என்பான். பந்து வேறு பக்கம் போகும். அவனும் தற்செயல் என்றுதான் நினைத்தான். அவனுக்கு வரவேண்டிய பந்தை ரைட் இன் தானே எடுத்துப்போய் முதல் கோல் போட்டான். மேடையில் ஆபீசர் எழுந்து கை தட்டினார். கேப்டன் ஓடிப்போய் ரைட் இன்னைக் கட்டிப் பிடித்தான். அவன் இவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உதறிவிட்டு வந்தான். அப்போதுதான் கேப்டன் முகத்தில் லேசாக ஒரு சந்தேகம் வந்ததைப் பார்த்தேன்.

கூட்டத்துக்குக் கண் கூர்மை. அரை மணிக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். மரத்தின் மேலிருந்து ஒரு குரல்: “டேய், அந்தக் கிராப்புக்காரனுக்கு ஒரு பந்து குடுங்கடா, பாவம்!” சிரிப்பு. அடுத்த முறை அவன் கையைத் தூக்கியதும் கூட்டமே சேர்ந்து “பாஸ்! பாஸ்!” என்றது. நான் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு, நேராக அவனைப் பார்த்து, பிறகு மெதுவாக எதிர்ப்பக்கம் தள்ளினேன். மைதானமே கொல்லென்று சிரித்தது.

ஹாஃப் டைமில் ஆபீசர் மேடையை விட்டு இறங்கி வந்தார். முகம் கறுத்திருந்தது. “என்னடா பண்றீங்க?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஜெயிச்சிக்கினு இருக்கோம் சார்” என்றேன்.

 அந்தக் காலத்தில் ஆள் மாற்றுகிற வழக்கம் கிடையாது. இறங்கிய பதினொரு பேர்தான் கடைசிவரை. மச்சினனை வெளியே கூப்பிட்டால் பத்துப் பேரோடு ஆடவேண்டும், தோற்றால் முதலாளி கேட்பார். எந்தப் பக்கமும் போக முடியாமல் அவர் நின்ற நிற்பை நான் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே பார்த்தேன்.

இரண்டாவது பாதியில் பாண்டிச்சேரிக்காரர்கள் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள்.  அடுத்த சில நிமிஷத்தில் ரைட் ஹாஃபுக்குப் பந்து கிடைத்தது. கேப்டன் கோலுக்கு முன்னால் தன்னந்தனியாக நிற்கிறான். கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கோல். ரைட் ஹாஃப் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவன் தூரத்திலிருந்தே உதைத்தான். பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. கூட்டம் இப்போது சிரிக்கவில்லை, ஏதோ நடக்கிறது என்று புரிந்து அடங்கிப் போயிருந்தது. கேப்டன் பொறுக்க முடியாமல் எங்கள் காலிலிருந்தே பந்தைப் பிடுங்க வந்தான். எதிர் ஆளைத் தாண்டுகிற மாதிரி எங்கள் கேப்டனையே நாங்கள் தாண்டிக்கொண்டு போனோம்.

லெஃப்ட் அவுட் இரண்டாவது கோல் போட்டபோது, கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில் எங்கள் பழைய கோலியைப் பார்த்தேன். கிள்ளை ஆட்களோடு நின்றிருந்தான். பக்கத்தில் அவன் மச்சினன்; ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தேன். கோலி வேட்டியை மடித்துக் கட்டி, மார்பில் கையைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கிறானா என்று பார்த்தேன். தெரியவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. ரெஃப்ரி பந்தை வைக்கச் சொன்னதும் கேப்டன் பாய்ந்து வந்து அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நான் கிட்டே போனேன். அவன் முகமெல்லாம் வேர்வையும் அழுகையுமாக இருந்தது.

“அண்ணே, இது ஒண்ணு மட்டும் குடுங்கண்ணே. எங்க அக்கா புருஷன் பாத்துக்கிட்டு இருக்காரு.”

“அதுக்குத்தான்” என்றேன். அவன் கையிலிருந்து பந்தை உருவினேன். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கை தளர்ந்து போயிருந்தது. வைத்தேன், உதைத்தேன், வலைக்குள் போனது. அவன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அதற்கு மேல் அவன் எழுந்து ஓடவில்லை. விசில் ஊதும்வரை ஆட்டம் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தது.

பரிசளிப்பில் மைக்கில் கேப்டனைக் கூப்பிட்டார்கள். கூட்டம் “பாஸ்! பாஸ்!” என்று ஆரவாரம் செய்தது. அவன் மேடைப் பக்கமே வரவில்லை. முதலாளி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நான் ஏறினேன்.

“என்னப்பா நடக்குது இங்கே?” என்றார். மைக் அணைக்கப்படவில்லை.

“போன வருஷம் இதே கிரவுண்ட்ல தோத்தோங்க. கோலி காசு வாங்கலிங்க. பந்தத் திருப்பி நம்ம கோலுக்குள்ள உதச்சது கேப்டனுங்க. இங்க இருக்கிற அத்தினி பேரும் பாத்தாங்க. ஆபீசர் ஐயாவும் பாத்தாரு. பாத்துட்டுத்தான் கோலிய கேட்டுல நிக்க வச்சி பனியன அவுத்தாரு.”

என் குரல் ஸ்பீக்கரில் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரிக் கேட்டது. கூட்டத்தில் சிலர் “ஆமாய்யா, நாங்க பாத்தோம்” என்று கத்தினார்கள். முதலாளி ஆபீசரைத் திரும்பிப் பார்த்தார். ஆபீசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கோட்டும் மடிப்பும் அப்படியே இருந்தன, ஆள் மட்டும் உள்ளே இல்லாத மாதிரி இருந்தது. முதலாளி கோப்பையை என் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது ரயிலில் கோலியும் அவன் மச்சினனும் எங்கள் பெட்டியில்தான் ஏறினார்கள். கிள்ளைவரை வருவார்கள். பையன்கள் பாட்டும் கூத்துமாக இருந்தார்கள். கேப்டன் வரவில்லை, ஆபீசரின் ஜீப்பில் போயிருப்பான். கோலி கதவருகே நின்றுகொண்டு வெளியே பார்த்தபடியே கேட்டான்.

“யாரு மச்சான் உங்கள இதெல்லாம் செய்யச் சொன்னது?”

“யாரும் சொல்லல.”

“பெனால்டிய அவனுக்குக் குடுத்திருக்கலாம்.”

“குடுத்திருக்க மாட்டேன்.”

“அழுதுக்கினு இருந்தான்.”

“அழட்டும்.”

 கிள்ளையில் ரயில் நின்றது. ஒரு வருஷமாக மாமியார் வீட்டுப் படி ஏறாதவன், மச்சினன் முன்னால் போக, பின்னால் இறங்கிப் போனான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

ஒரு வாரத்தில் கிளப்பைக் கலைத்தார்கள். முதலாளி சொன்னதாக மேஸ்திரி வந்து சொன்னார்: தன் ஆபீசரைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்த டீம், நாளைக்குத் தன்னைப் பார்த்தும் சிரிக்க வைக்கும். அவர் பக்கத்து நியாயம் அது. எங்கள் ரைட் பேக் பாய்லருக்குப் போனார். என்னைப் புண்ணாக்கு லோடு ஏற்ற அனுப்பினார்கள். கோல் போஸ்ட்டைப் பிடுங்கிக் கிடங்குக் கூரைக்கு முட்டுக் கொடுத்தார்கள். கிரவுண்டில் புண்ணாக்கைக் காயப் போட்டார்கள். பாலும் முட்டையும் நின்றது. கிளப்பின் சரித்திரம் அவ்வளவுதான். கோலியைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லி ஆள் போனது. “அந்தக் கேட்டுல நான் நுழைய மாட்டேன்னு சொல்லு” என்று அவன் திருப்பி அனுப்பிவிட்டான். ஆனால் மீன் ஏலத்தில் அப்புறம் யாரும் அவனைச் சிதம்பரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆபீசர் வேலையில்தான் இருந்தார். இருந்தார் என்று பெயர். ஜீப் மஞ்சக்குப்பத்தைத் தாண்டும்போது பள்ளிக்கூடத்துப் பையன்கள் “பாஸ்! பாஸ்!” என்று கத்துவார்கள். சோடாக் கடையில் அவர் நின்றால் யாரோ, “சாருக்கு ஒண்ணு பாஸ் பண்ணுப்பா” என்பார்கள். குடும்பத்தோடு சினிமாவுக்குப் போன இடத்தில் டிக்கெட் கிழிக்கிறவன், “இன்னிக்குப் பாஸ் எல்லாம் கெடையாதுங்க சார்” என்றானாம். அவன் வேண்டுமென்று சொன்னானா, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னானா, தெரியாது. அவர் படம் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இதையெல்லாம் ஒவ்வொருத்தர் வந்து சொல்லும்போது, புண்ணாக்கு மூட்டை தோளில் இருப்பதே எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் தாங்கினார். அப்புறம் சென்னைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மச்சினன் அதற்கு முன்பே போயிருந்தான்.

நானும் மில்லை விட்டேன். சிதம்பரத்தில் ஒரு அரிசி மில்லில் வேலை கிடைத்தது. அறுபதுகள் முடியப்போகிற நேரம். ஒருநாள் கீழவீதியில் ஒரு ஓட்டலுக்குள் நுழையப் போனேன். கோயிலிலிருந்து வந்த ஒரு அம்மாள் கையில் அர்ச்சனைத் தட்டோடு என் வழியை மறித்தாள். முதலில் யாரென்று தெரியவில்லை. பின்னால், பூக்கடை ஓரமாக, ஆபீசர் நின்றார். கிழவராகியிருந்தார். என்னைப் பார்த்ததும் பூவை விலை கேட்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

“அந்த மில் டீம்ல இருந்தவர்தானே நீங்க?” என்றாள் அம்மாள்.

“ஆமாம்மா.”

“என் தம்பி இன்னிக்கும் நாலு பேர் இருக்கிற எடத்துக்கு வர மாட்டேங்குறான். எங்க பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரல. அவன் உங்களுக்கு என்னய்யா பண்ணான்?”

“ஒண்ணும் பண்ணலம்மா” என்றேன். “கேட்டுல கோலி பனியன அவுத்தப்ப பாத்துக்கினு நின்னான், ஒண்ணும் பண்ணல.”

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு தேரடிப் பக்கம் போனாள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். நல்ல பசி. வழக்கமாகச் சாப்பிடுவதைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.